கணினி அறைக்கும் ஒரு பங்கு

கிள்ளானில் எங்கள் தமிழ்ப்பள்ளியின் கணினி அறைக்கு எந்த மென்பொருளைப் போடுவது என்று முடிவு செய்ய ஒருவர் தூத்துக்குடி வரை போய்வர வேண்டுமா என்று என் மனைவி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் சாயர்புரத்தில் நடந்த அவருடைய மாமன் மகள் திருமணத்துக்கு, அவருக்கு விடுப்புக் கிடைக்காததால், நான் போயே ஆக வேண்டும் என்று சொன்னவரும் அவர்தான். இரண்டு வேலைகளையும் ஒரே பயணத்தில் முடித்துக்கொள்ள ஏற்பாடு செய்தேன்.

மென்பொருள் வேலையை என்னிடம் ஒப்படைத்தவர் எங்கள் பள்ளி வாரியத் தலைவர் குணசேகரன். நான் வாரியத்தின் செயலாளர். பிழைப்புக்கு ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலின் பொறியாளர் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரர். தான் படித்த பள்ளியில் காசு கொடுத்து வாங்கும் மென்பொருளை நிறுத்திவிட்டுத் திறமூல மென்பொருளுக்கு மாறிவிட்டார்கள் என்று அவர் பெருமையாகச் சொன்னார். உரிமக் கட்டணம் இல்லாமல் யாரும் நகலெடுக்கலாம், வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம் என்பது அந்த வகை மென்பொருளின் சிறப்பு. இதைத் தலைவரிடம் சொன்னதுதான் தாமதம். "போய் நேர்ல பாத்துட்டு வாங்க சார். செலவு ஒன்னும் இல்லன்னா அடுத்த மாசமே மாத்திருவோம்லா," என்றார்.

திருமணம் முடிந்த மாலையே தூத்துக்குடி மில்லர்புரத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். இரவு உணவுக்குப் பரோட்டா. எங்கள் ஊர் ரொட்டி சானாயும் இதுவும் ஒரே வயிற்றில் பிறந்தவை. ஆனால் வளர்ந்த விதம் வேறு. கிள்ளானில் ரொட்டியைப் பருப்புக் குழம்பில் தொட்டுச் சாப்பிடுகிறோம். இங்கே பரோட்டாவை எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து, இலையில் பிய்த்துப் போட்டு, அதன்மேல் சால்னாவை ஊற்றி ஊற வைக்கிறார்கள். நான் சால்னாவைத் தனிக் கிண்ணத்தில் கேட்டேன். பரிமாறியவர் என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அண்ணாச்சிக்கு வயித்துக்கு ஆவாதோ?" என்று பக்கத்து மேசைக்காரரிடம் விசாரித்தார். அவரும் ஆமாம் என்று எனக்காகப் பதில் சொல்லிவிட்டார்.

சாப்பிட்டு முடித்து மக்ரூன் வாங்கப் போனேன். முட்டையின் வெள்ளைக்கருவும் முந்திரியும் சேர்த்துச் செய்யும் இந்த மிட்டாயை வாங்காமல் வந்தால் வீட்டுக்குள் விடமாட்டார்கள் என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. கடையில் எனக்கு முன்னால் இரண்டு வெளிநாட்டு மாலுமிகள் நின்றார்கள். ஒருவர் மற்றவரிடம் ஆங்கிலத்தில் சொன்னது இது: "போன தடவை வாங்கியதைச் சிங்கப்பூர் போவதற்குள் நானே தின்றுவிட்டேன். இந்த முறை உன் அறையில் பூட்டி வை." கேட்டவர், "என்னை நம்புகிறாயா?" என்றார். இருவரும் ஆளுக்கு ஒரு பெட்டி கூடுதலாக வாங்கினார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. பள்ளி விடுமுறைதான், ஆனால் கணினி ஆசிரியை அமலியை எனக்காக அன்று வரச் சொல்வதாகத் தாளாளர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். தாளாளர் அந்த ஊரின் பங்குத்தந்தை. ஊரின் பெயரையும் பள்ளியின் பெயரையும் எழுதப்போவதில்லை என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

சிற்றுந்து உப்பளங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தபோது அடியில் ஏதோ பட்டென்று அறுந்தது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்துவிட்டு, "பெல்ட்டு அந்துட்டு," என்றார். நடத்துநர் உள்ளே தலையை நீட்டி, "எல்லாரும் எறங்குங்க. வண்டி இனி நவுராது," என்றார். ஒரு பெண் தன் கூடையை இறக்கியபடி, "நேத்தும் இதே எடத்துலதான நின்னிய? இங்கன என்ன மொதலாளிக்கு உப்பளம் இருக்கா?" என்று கேட்டார். "இருந்தா நான் ஏன்க்கா டிக்கெட் கிழிக்கேன்?" என்றார் நடத்துநர். எங்கள் ஊரில் பேருந்து நின்றால் எல்லோரும் கைப்பேசியை எடுத்துக்கொண்டு தனித்தனியாகக் கோபப்படுவோம். இங்கே கூட்டாகச் சிரித்துக் கூட்டாகத் திட்டினார்கள். வெள்ளை வெளேரென்று குவிந்திருந்த உப்பின் மீது வெயில் பட்டுக் கண் கூசியது. பின்னால் வந்த சரக்கு ஆட்டோவில் ஐந்தாறு பேர் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தோம்.

பள்ளி வாசலிலேயே அமலி நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். "வாங்க சார். பஸ்ஸு மொடங்கிட்டாமே. சேதி ஒங்களுக்கு முன்னாடி வந்துட்டு," என்று சிரித்தார்.

கணினி அறை கடலைப் பார்த்த கடைசிக் கட்டடம். நுழைந்ததும் சுவரில் ஒரு சலவைக்கல். மேசைகள், மின்விசிறிகள், சன்னல் கம்பிகள், கணினிகள் என்று ஒவ்வொன்றுக்கும் நேராக உபயம் செய்தவர் பெயர் செதுக்கியிருந்தது. பெரும்பாலும் கப்பலில் வேலை பார்க்கும் இவ்வூர்க்காரர்கள். கடைசி வரியில் 'மென்பொருள் உபயம்' என்று இருந்தது, எதிரே வெறுங்கல்.

"இது என்ன?" என்றேன்.

"மாத்துன புதுசுல பி.டி.ஏ. தலைவர் லூர்து அண்ணாச்சி கேட்டாக சார், 'இவ்ளோ பெரிய பொருள யாரும்மா சும்மா தந்தது? தெறப்பு விழாவுக்குக் கூப்பிட்டுப் பொன்னாட போத்தணும்லா'ன்னு. உலகம் பூரா ஆயிரம் பேரு சேந்து எழுதுனது அண்ணாச்சின்னேன். 'சரி, அதுல தலைவரு பேரு என்ன'ன்னாக. கல்லு வெட்டுதவர் வந்து நிக்காரு, எழுத ஒரு பேரு இல்ல. அப்படியே விட்டுட்டாக."

நான் சிரித்தேன். அமலி முழுதாகச் சிரிக்கவில்லை. "கொடுத்தவுக பேரு தெரிஞ்சா, கெட்டுப்போனா யாருகிட்ட கேக்கன்னாவது தோணும் சார். இதுல அதுவும் இல்ல. கெட்டுப்போனா அமலி டீச்சர்ங்கதுதான் பழக்கமாயிட்டு."

அந்த நாள் முழுவதையும் அவருடைய அறையில் கழித்தேன். முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும். புதிய வணிக மென்பொருளைத் தாங்காமல் குப்பைக்குப் போயிருக்க வேண்டிய பழைய கணினிகள் எல்லாம் இங்கே உயிரோடு இருக்கின்றன. மாணவர்கள் தமிழில் தட்டச்சு செய்கிறார்கள், படம் வரைகிறார்கள், கணக்குப் பயிற்சி செய்கிறார்கள். பள்ளிக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் மாணவி ஒருத்தி வந்து, தான் வரைந்த விசைப்படகைக் காட்டினாள். அதன் கொடியைக்கூட அசைய வைத்திருந்தாள். இதே மென்பொருளை வீட்டுக்கும் எடுத்துப் போகலாம், அது திருட்டு ஆகாது. எங்கள் பள்ளியில் இதை நாங்கள் சொல்ல முடியாது.

பிறகு, பெற்றோர் கண்ணில் படாத வேலைகள். அன்று சனிக்கிழமை என்பதால் அவற்றை நேரில் பார்க்க முடிந்தது. ஊரில் இணைய வேகம் போதாது. அதனால் புதுப்பிக்க வேண்டியவற்றை அமலி தூத்துக்குடியில் உள்ள தன் தம்பி வீட்டில் பதிவிறக்கி, கைப்பையில் கொண்டு வந்து ஒவ்வொரு கணினியிலும் போடுகிறார். கல்வி அலுவலகத்திலிருந்து வரும் படிவங்கள் இங்கே திறந்தால் கட்டங்கள் இடம் மாறிக் கிடக்கின்றன; கையால் நேராக்குகிறார். அலுவலகத்தில் ஒரு கணினியை மட்டும் பழைய மென்பொருளிலேயே விட்டிருக்கிறார்கள். அச்சுப்பொறி இந்த மென்பொருளுக்குப் பழக்கமில்லாத பழைய வகை. ஒவ்வொரு புதுப்பித்தலுக்குப் பிறகும் அதைச் சமாதானப்படுத்த வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு வினாத்தாள்கள். பல ஆண்டுகளாக ஆசிரியர்கள் ஒரு பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து கிடக்கும். மாற்றும் கருவிகள் உண்டு. ஆனால் கணக்கும் அட்டவணையும் கலந்த தாள்களில் அவை பாதியில் நின்றுவிட்டன. மிச்சத்தை அமலி திரும்பத் தட்டச்சு செய்தார். இன்னும் முடியவில்லை.

தமிழாசிரியர் நம்பி ஐயா அன்று ஏதோ தாள் தேடி வந்தார். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தினமும் பேருந்தில் வருபவர். என்னை அறிமுகப்படுத்தியதும், "மலேசியாவுல இருந்து இதப் பாக்கவா வந்திய? எம் அரையாண்டுத் தாளப் பாத்தியளா? சிலப்பதிகாரத்துல கேள்வி கேட்டேன், சீன பாசையில வந்து நிக்கி," என்றார்.

"அதச் சரி பண்ணிக் குடுத்துட்டேன்லா ஐயா," என்றார் அமலி.

"நீ குடுத்த. நீ இல்லாதப்ப யாரு குடுப்பா?"

அமலி அச்சுப்பொறியின் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தக் கேள்விக்கு வேறொரு கனம் இருப்பதை மதியம்தான் தெரிந்துகொண்டேன்.

தாளாளர் வீட்டில் மதிய உணவு. குசினியில் இருந்து சீலா மீன் குழம்பும் பொரித்த மீனும் வந்தன. எங்கள் வீட்டில் மீன் குழம்பில் வெண்டைக்காயும் கத்தரிக்காயும் மிதக்கும். இங்கே மீனைத் தவிர வேறெதுவும் குழம்புக்குள் அனுமதிக்கப்படவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகு தாளாளர் ஒரு வேண்டுகோள் வைத்தார்.

"நாளைக்கு இரண்டாம் பூசை முடிந்ததும் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம். கணினி அறை பற்றி ஒரு முடிவு எடுக்க வேண்டும். நீங்கள் எழுந்து ஒரு வார்த்தை நன்றாகச் சொன்னால் மக்களுக்கு நம்பிக்கை வரும். செலவே இல்லாமல் நடத்துகிறோம் என்பதை வெளியிலிருந்து வந்த ஒருவர் சொல்வது வேறு."

"என்ன முடிவு எடுக்கப் போறீங்க சாமி?"

அவர் மறைக்கவில்லை. அமலியின் பணி அரசு அங்கீகரித்த பணியிடம் அல்ல. பெற்றோர் ஆசிரியர் கழகம் தன் நிதியிலிருந்து சம்பளம் தருகிறது. அந்தப் பணியை இந்தக் கல்வியாண்டோடு நிறுத்திவிட எண்ணம். மென்பொருள் இலவசம், பிள்ளைகள் தாமாகவே பழகிக்கொள்கிறார்கள், பாடத்தை மற்ற ஆசிரியர்கள் பிரித்துக்கொள்ளலாம். மிச்சமாவதை வைத்து ஆரம்பப் பிரிவின் சுவரைக் கட்ட வேண்டும். சன்னல் வழியாக அந்தச் சுவரைக் காட்டினார். உப்புக் காற்றில் காரை உதிர்ந்து, கம்பி துருவேறி வெளியே தெரிந்தது. அதன் அடியில் கயிறு கட்டிப் பிள்ளைகளை ஒதுக்கி வைத்திருந்தார்கள். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

"நான் பாத்தத சொல்றேன் சாமி," என்றேன். அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

மாலையில் கடற்கரையில் அமலியைக் கேட்டேன்: "நீங்க சனிக்கிழமைகள்ல வந்து வேலை செய்றது இவங்க யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது சார். பிள்ளைய வரும்போது எல்லாம் ஓடணும், அவ்ளோதான். ஓடலன்னா 'பாத்தியா, சும்மா வந்தது சும்மாதான் இருக்கும்'ம்பாக. அதுக்குப் பயந்தே யாருக்கும் சொல்லல. மாத்துவோம்னு மொத மொத சொன்னது நாந்தான்லா." காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, "வீட்டுக்காரரு கப்பல்லதான் சார் இருக்காரு. இந்த வேல போனா சோத்துக்கு இல்லன்னு இல்ல. ஆனா இந்த அறைய நான் ஒண்ணுமில்லாததுல இருந்து ஆக்குனேன்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இந்த ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. அதனால் பள்ளி மண்டபம் நிறைந்திருந்தது. லூர்து அண்ணாச்சி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பல வள்ளங்களுக்குச் சொந்தக்காரர், பருத்த குரல். தாளாளர் விஷயத்தைச் சொல்லி முடித்து, என்னை அழைத்தார்.

நான் பார்த்ததைச் சொன்னேன். இந்த மென்பொருள் நல்லது, எங்கள் பள்ளிக்கும் வேண்டும் என்றேன். மண்டபம் கைதட்டியது. பிறகு, பதிவிறக்கிக் கொண்டுவருவதையும், படிவங்களையும், அச்சுப்பொறியையும், திரும்பத் தட்டச்சு செய்த வினாத்தாள்களையும் வரிசையாகச் சொன்னேன். "செலவே இல்லன்னு எங்க ஊருல போய் நான் சொல்ல முடியாது. செலவு இருக்கு. அத ஒருத்தவங்க தன்னோட விடுமுறையில கட்டிக்கிட்டு வர்றாங்க." இந்த முறை யாரும் கைதட்டவில்லை. தாளாளர் தரையைப் பார்த்தார்.

லூர்து அண்ணாச்சி எழுந்தார். "சார் சொல்லுதாக, சரி. எனக்கு ஒரு சந்தேகம். சாப்ட்வேரு சும்மா கெடைக்கி. மெசினு நம்ம பயலுவ வாங்கிக் குடுத்தது. கரண்டுக்குப் பள்ளிக்கூடம் கட்டுது. அப்புறம் எதுக்குத் தனியா ஒரு ஆளு?"

அமலி எழுந்தார்.

"அண்ணாச்சி, ஒங்க பெரிய வள்ளத்துக்குக் கடன் அடைச்சாச்சா?"

"அது ஆச்சு, ரொம்ப வருசம்."

"பெறவு அது சும்மாதான கெடக்கு? பாடு பிரிக்கும்போது வள்ளத்துக்கு இன்னும் பங்கு எடுக்கியளா?"

மீனை விற்று, எரிபொருள் செலவைக் கழித்து, மிச்சத்தைப் பிரிக்கும்போது ஆட்களுக்கு மட்டுமல்ல, வள்ளத்துக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு என்று எடுத்துவைப்பது இங்குள்ள வழக்கம். அந்தப் பங்குகள் உரிமையாளர் கைக்குப் போகும். மண்டபத்தில் பாதிப் பேர் அவரிடம் கடலுக்குப் போகிறவர்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "எடுக்காரு டீச்சர்! நல்லாவே எடுக்காரு!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. அண்ணாச்சி திரும்பி, "ஏலே, யாருலே அது? நாளைக்குக் கடலுக்கு வருவல்லா, பாத்துக்கிடுதேன்," என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து இன்னொரு குரல்: "மத்த நாளு வள்ளம் கல்லு மாதிரி இருக்கும். பங்கு பிரிக்க அன்னைக்கு மட்டும் அதுக்கு மேலுக்கு முடியாமப் போயிரும்!"

"ஏளா, சும்மா இரு," என்று அண்ணாச்சி கையை உயர்த்தினார். "பங்கு எடுக்காம? வலை கிழியாதா? எஞ்சினு மக்கர் பண்ணாதா? அடிப்பலக உளுக்காதா? கடன் தீந்தா கடலு நம்மள விட்டுருமா?"

"அதத்தான் அண்ணாச்சி நானும் சொல்லுதேன்," என்று அமலி உட்கார்ந்துவிட்டார்.

அண்ணாச்சி மட்டும் நின்றுகொண்டிருந்தார். தான் இப்போது எந்தப் பக்கம் வாதாடினோம் என்பது அவருக்கு மெல்லப் புரிவதை மண்டபமே பார்த்தது. அவரும் சிரித்துவிட்டார். "சரிம்மா. கேக்க வேண்டியத கேட்டுட்ட. அறைக்கு ஒரு பங்கு வைக்கணும்தான்." உடனே சிரிப்பை நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். "இப்ப நான் கேக்கேன். நீ பேறுகாலத்துக்குப் போனப்ப இந்த அறை பூட்டித்தான கெடந்துச்சு? எம் பேத்தி சாவி இல்ல சாவி இல்லன்னு வந்து நின்னாளே. ஒத்த ஆளு தலையில எல்லாத்தையும் வச்சுக்கிட்டிருந்தா அது ஒன் அறையா, பள்ளிக்கூடத்து அறையா?"

அமலியின் முகம் சிவந்தது. அது நியாயமான அடி; எனக்குத் தோன்றியும் நான் சொல்லாமல் விட்ட விஷயம். அவர் மறுபடி எழுந்து, "தப்புதான் அண்ணாச்சி. இன்னொருத்தருக்குச் சொல்லிக் குடுத்திருக்கணும். குடுக்கேன்," என்றார்.

"யாருக்கு?"

ஆசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் நம்பி ஐயா தொண்டையைச் செருமினார். "நான் படிச்சுக்கிடுதேன். அடுத்த தடவ சிலப்பதிகாரம் சீனாவுக்குப் போனா நானே போய்க் கூட்டிட்டு வரணும்லா."

முடிவு இப்படி ஆயிற்று. அமலியின் பணி தொடரும். சனிக்கிழமை வேலைக்கும் சம்பளம் உண்டு. நம்பி ஐயாவுக்கு வாரத்தில் சில பாடவேளைகள் இதற்காக ஒதுக்கப்படும். சுவருக்கு வழி பிறக்கவில்லை. அதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். வெளியே வந்தபோது தாளாளர் என் கையைப் பிடித்து, "ஒரு வார்த்தை நன்றாகச் சொல்லுங்கள் என்றேன், நிறையச் சொல்லிவிட்டீர்கள்," என்றார். கோபம் இல்லை. ஆனால் அவர் பார்வை கயிறு கட்டிய அந்தச் சுவர் மீதே இருந்தது. எனக்கும் அதைப் பார்த்துக்கொண்டு பேச எளிதாக இல்லை.

திங்கட்கிழமை காலை பசியாறிவிட்டுத் தலைவருக்குத் தொலைபேசியில் பேசினேன்.

"என்னா சார், செலவு எவ்ளோ?"

"மென்பொருளுக்கு ஒன்னுமில்ல தலைவரே. அதப் பாத்துக்க ரெண்டு ஆசிரியர் வேணும். அவங்களுக்கு வேலை நேரத்துலயே நேரம் ஒதுக்கணும்."

"சும்மா கெடைக்கிறதுக்கா?"

"மாறலாம்னுதான் சொல்றேன். நல்லா இருக்கு. ஆனா அந்த ரெண்டு பேரு யாருன்னு வாரியத்துல முடிவு ஆகட்டும். அதுவரைக்கும் பழசத் தொட வேணாம். நம்ம வினாத்தாளெல்லாம் எந்த எழுத்துருவுல இருக்குன்னு மொதல்ல பாத்து வைக்கச் சொல்லுங்க."

தலைவர், "அடுத்த மாசம் இல்லன்னா அடுத்த வருசம்," என்றார். அது எனக்குப் போதும்.

விடைபெற்றுக்கொள்ளப் பள்ளிக்குப் போனேன். கணினி அறையில் முதல் பாடம் ஏற்கெனவே ஆரம்பித்திருந்தது. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நம்பி ஐயா திரையின் முன் உட்கார்ந்திருந்தார். அச்சுப்பொறியை அவர் தனியாக இயங்க வைக்க வேண்டும். அமலி பின்னால் ஒரு முக்காலியில், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், இது என்னமோ கேக்கு. ஆமான்னு குடுக்கவா, இல்லன்னு குடுக்கவா?"

"என்ன கேக்குன்னு படிங்க ஐயா. படிச்சுட்டு நீங்களே குடுங்க."

அவர் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். அமலி பாதி எழுந்தார், பிறகு உட்கார்ந்தார். "ரெண்டு நிமிச வேல சார். எந்திரிச்சுப் போயிருவேன் போல இருக்கு," என்று என்னிடம் மெல்லச் சொன்னார்.

நம்பி ஐயா ஒரு விசையை அழுத்தினார். அச்சுப்பொறி கரகரத்து, நீண்ட நேரம் யோசித்து, ஒரு வெற்றுத்தாளை வெளியே தள்ளியது. அவர் அதை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அமலியின் கைகள் தொடைக்கு அடியிலேயே இருந்தன.

"இன்னொரு தடவ," என்றார் நம்பி ஐயா, தனக்குத் தானே.